மூன்றாய் மடித்த விரிப்பு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சுடுதண்ணி. இளையவர்கள் 'சுடுதண்ணி அக்கா' என்பார்கள். மூத்தவர்கள் அக்காவைக் கழித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டதற்காக அவள் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

இவளுக்குக் காரணமே இல்லாமல் கோபம் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். பிறந்ததிலிருந்து அவள் கோபத்துக்கு ஒரே ஒரு காரணம்தான். 'பார்க்கலாம்' என்ற வார்த்தை. முடியாது என்று சொல்லுங்கள், ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். சரி என்று சொல்லுங்கள், உங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள். பார்க்கலாம் என்றீர்களோ, தொலைந்தீர்கள்.

மேலே படிக்கட்டுமா என்று அப்பாவிடம் அவள் கேட்டபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே "பாக்கலாம்மா" என்றார். விடுமுறை முழுக்க அவள் தன் பழைய பையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். பள்ளிக்கூடம் திறந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். அப்பா மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். மாட்டேன் என்று அந்த மனிதர் கடைசி வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சட்டியைப் பானையை உருட்டிச் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் பல்லைக் கடிப்பாள். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நல்ல மனிதர்தான், அது வேறு விஷயம்.

கட்டிக்கொண்டவரும் அதே ரகம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எவ்வளவு நெரிசலான சாலையிலும் தயங்காமல் புகுந்து வந்துவிடுவார். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிய பிறகு இடமா வலமா என்று அவரிடமிருந்து ஒரு பதில் வாங்க முடியாது. மகளுக்குக் காதில் குத்துவலியா, சமையலறைக் கதவு பெயர்ந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தார்.

சலவைக்கூடம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், நடுவில் ஆவியில் சூடேறி உருளும் பெரிய ரோலர், மறுபக்கம் மடிக்கிற மேசைகள். ரோலரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடிக்க வேண்டும். பிடித்த கையோடு இருவரும் ஒன்றாக வெடுக்கென்று ஓர் இழுப்பு. சுருக்கம் போய்விடும். பாதியாக மடித்து இன்னோர் இழுப்பு. மறுபடி பாதி. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, மூலைகளைக் கை மாற்றி, கீழே தொங்குவதை ஒருத்தி பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை இது. ஜோடி வேண்டும்.

சுடுதண்ணிக்கு ஜோடி அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வேலைக்குச் சேர்த்ததே சுடுதண்ணிதான். இப்போது ஊழியர் குடியிருப்பில் இவர்கள் வீடு இருக்கும் அதே வரிசையின் கடைசி அறையில் நாத்தனார் தனியாக இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் பேச்சே தேவைப்படாமல் போய்விட்டது. இழுப்பிலேயே எல்லாம் தெரியும். வீட்டில் சண்டை என்றால் இழுப்பு வெடுவெடுவென்று வரும். உடம்பு சரியில்லை என்றால் தொய்யும். ஏதாவது கிண்டல் தோன்றினால் இரண்டு குட்டி இழுப்பாக வரும், எதிரே நிற்பவள் காரணம் தெரியாமலே சிரித்துவிடுவாள்.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. சலவைக்கூடத்தை மூடப் போகிறார்களாம். துணிகளை வெளியே ஏதோ கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்களாம். வேலை போனால் குடியிருப்பும் போகும். குடியிருப்பு போனால் மகளின் பள்ளிக்கூடம் போகும், அதுவும் கடைசி வகுப்புக்கு ஒரே வருஷம் மிச்சம் இருக்கிற நேரத்தில். சுடுதண்ணி நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். அந்த அதிகாரிக்குச் சலவைக்கூடத்துப் பெண்கள் நுரை என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்க்க நிறைய இருக்கும், கையில் அள்ளினால் ஒன்றும் இருக்காது.

"சார், மூடப் போறீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

"இன்னும் முடிவு எடுக்கலைம்மா. எல்லாம் ஆலோசனையில இருக்கு. பாக்கலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவர் மேசைமேல் இருந்த பூச்சாடியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பாள். உடைத்தால் அதைக் காரணமாகச் சொல்லியே அனுப்பிவிடுவார்கள் என்று கதவை மட்டும் ஓங்கிச் சாத்திவிட்டு வந்தாள்.

அந்த மழையில்தான் வீடு ஒழுக ஆரம்பித்தது. கூரையின் சிமென்ட் ஷீட்டில் ஒரு விரிசல். மகளின் கட்டிலுக்கு நேர் மேலே. பராமரிப்பு அலுவலகத்தில் போய்க் கேட்டால், குடியிருப்பின் எதிர்காலம் தெரியாமல் ரிப்பேருக்கு உத்தரவு போட முடியாது என்றார்கள். நாமே சரி பண்ணிவிடலாமே என்று கணவரிடம் சொன்னாள்.

"இருக்கப்போறோமா, கிளம்பப்போறோமான்னே தெரியல. அதுக்குள்ள எதுக்கு? பாக்கலாம்."

இதில் கொடுமை என்னவென்றால், அவளும் சரி என்றுதான் நினைத்தாள். கத்தினாள், திட்டினாள், ஆனால் ஏணி எடுத்து வைத்து ஏறவில்லை. நாளைக்கே போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் அவள் கையைக் கட்டிப்போட்டது. கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப்போட்டார்கள். ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வந்து உட்கார்ந்தது. மகள் புத்தகங்களையெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்துக்கொண்டாள். "பாதி நிறைஞ்சா சத்தம் மாறும்மா, அப்போ எழுந்து ஊத்திடுவேன்" என்று ஏதோ வித்தை கற்றுக்கொண்டவளைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சுடுதண்ணிக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கும். யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வீட்டில் அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பது பார்க்கலாம். மகளுக்குப் படிக்க ஒரு மேசை, பார்க்கலாம். மழை போய், வெயில் போய், அடுத்த மழையும் வந்துவிட்டது. வாளி அதே இடத்தில் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் நுரை ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். மன உறுதிப் பயிற்சி. நிச்சயமில்லாத காலத்தில் மனசு உடைந்துபோகாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு அம்மா வருகிறாராம். வேலை நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் மேலே கூட்ட அறைக்கு வந்துவிட வேண்டுமாம். நிச்சயமின்மையை உண்டாக்குகிறவர்களே அதைத் தாங்கிக்கொள்ளப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இதற்குப் பதிலாக ஒருவனின் காலை மிதித்துக்கொண்டே அவனுக்குச் செருப்பு விற்கலாம்.

பயிற்சி அம்மா பொல்லாதவர் இல்லை. கனிவான முகம், தெளிவான குரல். நுரையிடம் நாள் கூலிக்கு வந்தவர்தான் அவரும். மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். காற்றில் வளைகிற செடி உடையாது என்றார். காலையிலிருந்து குனிந்து குனிந்து ஈரத் துணி தூக்குகிற பெண்கள், வளைவதைப் பற்றி அவர் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். குளிர்சாதன அறையில் கண்ணை மூடச் சொன்னதால் இரண்டு பேர் தூங்கியும் விட்டார்கள். சுடுதண்ணி மட்டும் கண்ணைத் திறந்தபடி, கடைசி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த நுரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு விளையாட்டு. நாலு நாலு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மருத்துவமனையின் வெள்ளை விரிப்பு ஒன்று. மூலைக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு ரப்பர் பந்து.

"இந்தப் பந்துதான் நம்ம வாழ்க்கையில வர்ற பிரச்சனை. எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது. கீழ விழாம எல்லாரும் சேர்ந்து பாத்துக்கணும். சரியா?"

பந்து குதித்தது. பெண்கள் சிரித்தார்கள். தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள். சுடுதண்ணிக்கு எதிர் மூலையில் நாத்தனார் நின்றாள், அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. அப்போது பயிற்சி அம்மா உற்சாகமாகச் சொன்னார்: "சூப்பர்! இப்போ ஒருத்தரை நோக்கி ஒருத்தர் வாங்க, பக்கத்துல வாங்க!"

வந்தார்கள். கையில் விரிப்பு இருக்கும்போது ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கச் சொன்னால் அந்தப் பெண்கள் வேறென்ன செய்வார்கள்? வெடுக்கென்று ஓர் இழுப்பு. பாதி. இன்னோர் இழுப்பு. மறுபடி பாதி. அறை முழுக்க எல்லாக் கூட்டமும் ஒரே சமயத்தில் பந்தை உள்ளே வைத்து விரிப்பை மடித்து முடித்துவிட்டது. ஒரு கூட்டம் மடித்ததை மேசைமேல் வைத்துத் தட்டிக்கூடக் கொடுத்துவிட்டது, பந்து நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. பயிற்சி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நுரையும் சிரித்தார். பெண்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

சுடுதண்ணி சிரிக்கவில்லை. மடிக்கிறபோது அவள் கட்டைவிரல் வழக்கம்போல் நடு மடிப்பைத் தேடிப் போயிருந்தது. நடுவில் மடிப்பே இல்லை. அவள் விரிப்பை மறுபடி விரித்தாள். பந்து உருண்டு ஓடியது. துணியின் நீளத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன, அழுத்தமாக, ஒரே சீராக. மூன்றாய் மடித்த விரிப்பு. இந்தக் கட்டடத்தில் யாரும் மூன்றாக மடிப்பதில்லை. பக்கத்துக் கூட்டத்தின் விரிப்பைப் பிடுங்கிப் பார்த்தாள். அதிலும் இரண்டு கோடு.

"சார், இதை யாரு தொவைச்சது?"

நுரையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "அதெல்லாம் இப்போ எதுக்கும்மா? பயிற்சியைக் கவனிங்க."

"இது எங்க கை இல்ல. யாரு தொவைச்சதுன்னு கேட்டேன்."

நாத்தனார் இன்னும் விரிப்பின் எதிர் மூலையைப் பிடித்திருந்தாள். அங்கிருந்து ஓர் இழுப்பு வந்தது. மெல்லிய, கெஞ்சுகிற இழுப்பு. வேண்டாம் என்று. சுடுதண்ணிக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் அவள் வாயை மூடவில்லை.

"முடிவு எடுக்கல, முடிவு எடுக்கலன்னு ஒரு வருஷமா சொல்றீங்களே. அப்போ வெளியில தொவைச்ச துணி இங்க எப்படி வந்துச்சு? எங்களை உக்கார வெச்சு மூச்சு விடச் சொல்லித் தர்றீங்களா? மூச்சு விட எங்களுக்குத் தெரியும் சார். மூடப் போறீங்களா, இல்லையா? அதைச் சொல்ல உங்களுக்குத் தெரியுமா?"

பயிற்சி அம்மா நுரையைப் பார்த்தார். நுரை எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேறு வழியில்லாமல் சொன்னார். ஆமாம், சோதனைக்காகக் கொஞ்சம் துணி வெளியே போய் வந்தது. நல்லபடியாக இருந்தது. பள்ளிப் பரீட்சைகள் முடிகிற மாதத்தோடு சலவைக்கூடம் மூடப்படும். அதே மாதம் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். வேண்டுமானால் அந்தக் கம்பெனியில் போய்க் கேட்டுப் பார்க்கலாம், எடுத்துக்கொள்வார்களா என்று தன்னால் சொல்ல முடியாது. பதற்றம் வேண்டாமே என்றுதான் முன்கூட்டியே அறிவிக்கவில்லை.

பெண்கள் அவரைத் திட்டுவார்கள் என்று சுடுதண்ணி நினைத்தாள். யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். கூரையைப் பிய்த்தெறிந்தவளைப் பார்ப்பதுபோல.

உடை மாற்றுகிற அறையில் நாத்தனார் அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இழுத்தேன்ல? வேணாம்னு இழுத்தேன்ல? ஏன் அண்ணி கேட்ட?"

"கேக்காம? இன்னும் எத்தனை நாளைக்கு அவன் நம்மளை..."

"உனக்கு என்ன, எங்க அண்ணன் இருக்கான், பொண்ணு இருக்கா. எனக்கு யாரு இருக்கா? தெரியாத வரைக்கும் எனக்கு ஒரு வேலை இருந்துச்சு, ஒரு ரூம் இருந்துச்சு. ஒரு நாள் மதியானத்துல ரெண்டையும் புடுங்கிட்ட. உன் கோபத்துக்கு நாங்கதான் கெடைச்சோமா?"

"நானா புடுங்கினேன்? அடிப்பாவி, நானா?"

"நீதான் வாயைத் தொறந்த."

நாத்தனார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். அதன் பிறகு இருவரும் ஜோடி நின்று மடித்தார்கள், வேலை நடந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுப்பு வரவில்லை. மூலையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள் நாத்தனார். மடித்த விரிப்புகளில் சுருக்கம் விழுந்தது. அதை யாரும் கேட்கவும் இல்லை, போகப் போகிறவர்களை என்ன கேட்பது.

விடுமுறை நாள் வந்தது. காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு நின்றது. மகள் வழக்கம்போல் புத்தகங்களைப் பையில் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள். சுடுதண்ணி அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்டு வாங்கி வந்தாள். வேனின் மேல் கட்டுகிற தார்ப்பாய், கயிறு, முந்தின நாள் சாயங்காலம் வாங்கி வந்திருந்த தார்ப்பசை டப்பா எல்லாவற்றையும் சுவரோரம் கொண்டுவந்து போட்டாள்.

கணவர் வாசலுக்கு வந்தார். "என்ன பண்ற? காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"போறது போற அன்னைக்கு. இன்னைக்கு மழை வந்தா உங்க பொண்ணு எங்க உக்காந்து படிப்பா? அதுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல."

"சரி, பாக்க..." என்று ஆரம்பித்தவர், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை முழுங்கிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

விரிசலில் பசையை அப்பினாள். அது சுலபம். தார்ப்பாயை விரிப்பதுதான் வம்பாக இருந்தது. காற்று கிளம்பிவிட்டது. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் எழுந்து முகத்தில் அறைந்தது. அவள் கூரைமேல் குந்தியபடி காற்றைத் திட்டினாள், கணவரைத் திட்டினாள், செத்துப்போன அப்பாவைத் திட்டினாள், நுரையைப் பெயர் சொல்லியே திட்டினாள். அந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

கேட்டுத்தான் வந்தாள் போலிருக்கிறது. ஏணி மறுபடி ஆடியது. நாத்தனாரின் தலை மேலே வந்தது. முகம் உர்ரென்றுதான் இருந்தது.

"அந்த மூலையை விடு. தனியா மடிக்கிற வேலையா இது?"

"நீ ஒண்ணும் எனக்காக வர வேணாம்."

"உனக்காக யாரு வந்தா? அவ எனக்கும் பொண்ணுதான். பேசாம புடி."

ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்தார்கள். காற்று அடங்குகிற ஒரு நொடிக்காக இருவரும் காத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு வந்தது, கை பெயர்ந்துவிடுகிற மாதிரி. அத்தனை ஆத்திரம் அதில் இருந்தது. சுடுதண்ணியும் பதிலுக்கு இழுத்தாள், கொஞ்சமும் குறைவில்லாமல். தார்ப்பாய் சுருக்கமே இல்லாமல் படிந்தது. கட்டினார்கள்.

"நாளைக்கு அந்தக் கம்பெனிக்குப் போய்க் கேக்கப்போறேன்" என்றாள் நாத்தனார், முடிச்சைப் பார்த்தபடி. "எடுத்துக்கலேன்னா வேற எடம். நீ வர்றியா, இல்லையா?"

"வர்றேன்."

மழை சடசடவென்று இறங்கியபோது நால்வரும் உள்ளே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளியில் ஒரு சொட்டு விழவில்லை. வெகுநேரம் பார்த்தார்கள். மகள் கட்டிலைச் சுவரோரத்திலிருந்து பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு, அதில் மல்லாந்து படுத்து, மேலே அண்ணாந்து பார்த்தாள். அவள் குரலில் புகாரே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"இவ்வளவுதானாம்மா வேலை?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சுடுதண்ணிக்குக் கண் எரிந்தது. ஒரு வருஷம். யாரோ ஒருவன் வாயைத் திறப்பான் என்று, பெற்ற பெண்ணை ஒரு வருஷம் வாளிக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தாள் அவள், ஊரையெல்லாம் திட்டிக்கொண்டே.

"இவ்வளவுதான்டி" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மழையில் வீசினாள்.